மும்பைப் பாறைகளில் அந்தி அலை: காலண்டரில் திதி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

தூத்துக்குடியில் வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் காலைச் சூரியன். மும்பையில் கடல் மேற்கே இருக்கிறது, வருடம் முழுக்கச் சூரியன் அதற்குள்தான் இறங்குகிறது. அதனால் இங்கே அலையைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது சூரியன் மறையும் நேரத்தை. என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். நவம்பர் கடைசியில் மாலை ஆறு மணி, ஜூலைத் தொடக்கத்தில் ஏழு இருபது. ஆண்டு முழுவதும் அந்த எண்பது நிமிடத்துக்குள் அடங்கிவிடும் விஷயம் அது.

அடங்காதது தண்ணீர். சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டர் அளவுதான், யாரும் கவனிப்பதுகூட இல்லை. மும்பையில் பெரிய ஏற்றத்து நாட்களில் அது நான்கு மீட்டரைத் தாண்டும். ஒரு மாடி உயரத்துக்கும் மேல்! பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டில் ஒரு மாலை நடைபாதைச் சுவரடியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும். சில நாள் கழித்து அதே நேரத்துக்குப் போனால் கடல் வெகுதூரம் விலகிப்போய், கரும்பாறைகள் பாய் விரித்ததுபோல் வெளியே கிடக்கும். எந்த லென்ஸ், எந்த ஃபில்டர் என்பதெல்லாம் பிறகு. அந்தியில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ள நம் வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது. சயானில் என் சமையலறைக் கதவில் தொங்கும் தினசரி காலண்டர். அதில் போட்டிருக்கும் திதியைப் பார்த்தே இன்று மாலை பாறை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். கடலேற்றம் நிலவின் கணக்கில் ஓடுவது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம், ஆகவே ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் உச்சத்தில் இருக்கும். அப்படியானால் மாலை ஆறு மணிக்கு? நன்றாக வற்றியிருக்கும். அங்கிருந்து நாள் நாளாகத் தள்ளிப் பாருங்கள். பஞ்சமி, சஷ்டி வரும்போது உச்ச ஏற்றம் பிற்பகலுக்கு வந்துவிடும், சூரியன் மறையும்போது தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். அஷ்டமியன்று அந்தியை ஒட்டியே ஏற்றம். ஆனால் அன்றைய ஏற்றம் உயரத்தில் சிறியது, பௌர்ணமியன்று வருவதுபோல் மேலே வராது. நவமி தொடங்கி சதுர்த்தசி வரை மாலையில் தண்ணீர் ஏறும் முகம்.

ஆக, என் கணக்கு இவ்வளவுதான்: அமாவாசை அல்லது பௌர்ணமிக்குப் பிறகு வரும் துவிதியையிலிருந்து சப்தமி வரை, அந்தியில் கடல் இறங்குமுகம். பாறைக்குப் போகலாம். நவமியிலிருந்து சதுர்த்தசி வரை ஏறுமுகம். அந்த நாட்களில் நடைபாதையிலிருந்தே எடுங்கள். எல்லாவற்றிலும் சிறந்தவை பஞ்சமியும் சஷ்டியும். சற்று முன்னால்வரை தண்ணீருக்கடியில் கிடந்த பாறைகள் ஈரம் மின்ன வெளியே வந்துகொண்டிருக்கும், அந்த ஈரத்தில் வானத்தின் நிறம் முழுவதும் ஏறியிருக்கும். ஒவ்வொரு அலையும் முந்தியதைவிடக் கொஞ்சம் பின்னால் நிற்கும் என்பதால் மனதும் அமைதியாக இருக்கும். பௌர்ணமி மாலையில் வேறு விதமான படம் கிடைக்கும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் வானம் அப்படியே விழுந்திருக்கும், அலை எங்கோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் அலைப் படம் வேண்டுமென்றால் அது நாளல்ல.

திதி என்பது எந்த வாரம் போகலாம் என்று முடிவு செய்யத்தான். கிளம்பும் அன்று, மும்பை அப்போலோ பந்தருக்கான ஏற்ற அட்டவணையை அவசியம் பார்த்துவிடுங்கள். அங்கே 1878 முதல் கடல் மட்டத்தை அளந்து பதிவு செய்துவருகிறார்கள், நம்பலாம். மழைக்காலத்தில் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே பட்டியலாக வெளியிடும், செய்தித்தாள்களில் வரும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் உயர் அலை எச்சரிக்கைகள் தருகிறது. ஏற்றத்தின் நேரத்தை நிலவு சொல்லிவிடும், அலையின் உயரத்தை அது சொல்லாது. எங்கோ ஆழ்கடலில் அடித்த காற்றால் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத ஒரு மாலையில் வந்து மோதும். இரண்டையும் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு.

ஏறுமுகத்தில் ஏன் வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் பாறைகளின் அமைப்பு அப்படி. வரிசை வரிசையாக மேடு, நடுவே வாய்க்கால் மாதிரிப் பள்ளம். கடைசி மேட்டில் நின்று முன்னால் வரும் அலையை நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து உங்களுக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தை முதலில் நிரப்பிவிடும். திரும்பிப் பார்த்தால் வந்த வழி இருக்காது. இருட்டிய பிறகு அந்தப் பள்ளம் முழங்கால் ஆழமா, இடுப்பாழமா என்று கண்ணுக்குத் தெரியாது. 2016 ஜனவரியில் இதே பேண்ட்ஸ்டாண்ட் பாறையில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கடலில் விழுந்தார்கள். இருவரைக் காப்பாற்றிய மனிதர், மூன்றாவது பெண்ணைத் தேடித் திரும்பவும் குதித்து உயிரைவிட்டார். அந்தப் பெண்ணும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நகரத்தில் பல இடங்களில் செல்ஃபி எடுக்கத் தடை என்று போலீஸ் அறிவித்தது. அந்தப் பாறையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவு வரும்.

பாந்த்ராவின் சிம்பாய் கிராமத்துக் கோலி மீனவர் ஒருவர், வயதானவர், எனக்கு ஒரு வழி காட்டினார். பாறையில் வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசும் (ஓடுள்ள சின்னக் கடலுயிர்) சிப்பியும் ஒட்டிப்பிடித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைப் பட்டையின் மேல்விளிம்பு வரை கடல் வழக்கமாக வந்துபோகும் இடம். “அதுக்கு மேல நின்னா கரை, கீழ நின்னா கடல். தண்ணி இல்லன்னாலும் அது கடல்தான்” என்றார் அவர் மராத்தியில். இன்றைக்கும் பாறையில் இறங்கியதும் கேமராப் பையைத் திறப்பதற்கு முன் அந்தப் பட்டை எங்கே முடிகிறது என்றுதான் பார்க்கிறேன். பையை வைப்பது அதற்கு மேலே. நிற்பது கீழே என்றால், இறங்குமுகம் என்று உறுதியானால் மட்டும்.

அதோடு, முதல் பதினைந்து நிமிடம் கேமராவைத் தொடாமல் நின்று பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். நாலைந்து சின்ன அலை, நடுவே சற்று ஓய்வு, பிறகு பெரியதாக இரண்டு மூன்று. அந்தப் பெரியவை எதுவரை நனைக்கின்றன என்று பார்த்துக்கொண்டு, அதற்கும் இரண்டடி மேலே இடம் பிடியுங்கள். பச்சையும் பழுப்புமாகப் பாசி வழவழக்கும் இடத்தில் எந்தச் செருப்பும் நிற்காது. கொட்டலசு உள்ள பாறையில் பிடிப்பு இருக்கும், ஆனால் விழுந்தால் கையைக் கிழித்துவிடும். நல்ல அடிப்பிடிப்புள்ள, பின்பட்டை வைத்த செருப்போ நனைந்தால் பரவாயில்லாத ஷூவோ போதும். தனியாகப் போகாதீர்கள். தலையில் மாட்டும் விளக்கு ஒன்று கட்டாயம். திரும்பி வரும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

என்னோடு அடிக்கடி வரும் தம்பி ஒருவன், தாராவிப் பையன், கல்லூரியில் படிக்கிறான். ஒருநாள் கேட்டான்: “அக்கா, அலை பெருசா எகிறும்போது அமுக்காம, அது போனப்புறம் அமுக்குறீங்களே?” என் வேலையின் சாரமே அந்தக் கேள்விக்குள் இருந்தது. பாறையில் மோதி எகிறும் நொடி எல்லோர் கண்ணிலும் படும். படத்தில் அது பெரும்பாலும் ஒரு வெள்ளைச் சிதறல், அவ்வளவுதான். அலை மோதி முடித்துத் திரும்பும் நேரத்தைப் பாருங்கள். பாறையின் ஒவ்வொரு வெடிப்பிலும் தண்ணீர் வழிந்து, நுரை நூல் நூலாகக் கடலை நோக்கி இழுபடும். பாறையின் வடிவத்தை அந்த நூல்கள்தான் வரைந்து காட்டும். பார்க்கிறவர் கண்ணைக் கரையிலிருந்து அடிவானம் வரை கூட்டிக்கொண்டு போவதும் அவைதான்.

அந்த நூல்களைப் பிடிக்க ஷட்டர் நேரம் அரை நொடியிலிருந்து ஒரு நொடிக்குள் இருக்க வேண்டும். கால் நொடிக்குக் கீழே போனால் தண்ணீர் கலங்கலாகத் தெரியும், கோடு விழாது. இரண்டு நொடிக்கு மேல் போனால் கோடுகள் கரைந்து பால் மாதிரி ஆகிவிடும். முப்பது நொடி வைத்தால் அலையே இருக்காது, பாறைகளைச் சுற்றிப் பனிமூட்டம் மட்டும் மிஞ்சும். அந்தப் பனிமூட்டப் படங்களுக்கு விரும்பிகள் நிறைய உண்டு. என் மனம் அதில் ஒட்டுவதில்லை. எந்த ஊர்க் கடலை வைத்து எடுத்தாலும் அது ஒரே மாதிரி இருக்கும். அரை நொடிப் படத்தில்தான் இந்தப் பாறை, இந்த அலை என்ற முகம் தங்கும்.

சூரியன் அடிவானத்துக்கு மேலே இருக்கும்போது அரை நொடி வைத்தால் படம் வெளுத்துவிடும், அதற்குத்தான் என்டி ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி. ஒளி பாதியாகக் குறைவதை ஒரு ஸ்டாப் என்பார்கள். ஆறு ஸ்டாப் ஃபில்டர் ஒளியை அறுபத்துநான்கில் ஒரு பங்காகக் குறைக்கும். 1/60 நொடி ஒரு நொடியாகும். மூன்று ஸ்டாப் எட்டில் ஒரு பங்கு. 1/15 நொடி அரை நொடியாகும். முதல் ஃபில்டர் வாங்குகிறவர்கள் பத்து ஸ்டாப் வாங்கப் போவார்கள், வேண்டாம். அந்தி அலைக்கு ஆறும் மூன்றும் போதும். பாதி கறுப்பு பாதி தெளிவான ஃபில்டரைப் பேண்ட்ஸ்டாண்டில் நான் அதிகம் போடுவதில்லை, நீட்டிக்கொண்டிருக்கும் பாறைத் தலைகளையும் அது கறுப்பாக்கிவிடும். போலரைசரும் இந்த வேளைக்கு வேண்டாம். ஈரப் பாறையின் மினுக்கத்தை எடுத்துவிட்டால் படத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை (அபெர்ச்சர்) எஃப் 8 அல்லது எஃப் 11, கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் ரா ஃபைல். ஃபோகஸை வெளிச்சம் இருக்கும்போதே பிடித்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். இருட்டியபின் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். டிரைபாடில் வைத்தபின் லென்ஸின் நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிடலாம். இரண்டு நொடி டைமர் இங்கே உதவாது, அலை உங்கள் டைமருக்குக் காத்திருக்காது. ரிமோட் வாங்குங்கள், விலை குறைவுதான். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களை அகட்டித் தாழ வைத்து, கொஞ்சம் அழுத்திப் பாறையில் நிறுத்துங்கள். கால் நனைகிற அலை வந்தால் அந்தப் படம் ஆடியிருக்கும், அதை எண்ணிக்கையில் சேர்க்காமல் அடுத்ததற்குப் போய்விடலாம்.

இந்தப் பாறையின் நிறத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணம் முழுவதும் வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பின் பகுதி இது, பஸால்ட். நனைந்தால் நல்ல கறுப்பு. கறுப்பு நிறைந்த காட்சியைக் கேமரா இருட்டு என்று எடுத்துக்கொண்டு தானாக வெளிச்சத்தைக் கூட்டும், நுரையும் வானமும் வெளுத்துப்போகும். எப்போதும் ஒரு ஸ்டாப் குறைத்தே தொடங்குகிறேன். கேமராத் திரையில் வரும் ஒளி வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) சிவப்பைத் தனியாகப் பாருங்கள், சூரியனைச் சுற்றி முதலில் அளவு மீறி வெளுத்துப்போவது அதுதான்.

சூரியன் மறைந்ததும் கூட்டம் கிளம்பிவிடும். நாம் வந்ததே அதற்குப் பின்னால் வரும் இருபது நிமிடத்துக்காக. இந்த ஊர் இருக்கும் அட்சரேகையில் அந்தி நீளாது, மறைந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் ஏறக்குறைய இருட்டிவிடும். ஒளி மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் குறைந்துகொண்டே போகும். ஆறு ஸ்டாப் ஃபில்டரை எடுத்து மூன்று போடு, பிறகு அதையும் கழற்று, பிறகு ஐஎஸ்ஓவைக் கூட்டு என்று கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஷட்டர் மட்டும் அரை நொடியை விட்டு அசையக் கூடாது.

அந்த வேளைக்கு மும்பைக் கடலில் ஒரு தனிக் காரணமும் உண்டு. பகலில் இந்தத் தண்ணீர் பழுப்பு. சேறும் ஊர்க் கழிவும் கலந்த நிறம், எந்த வெயிலிலும் அழகாகாது. சூரியன் போனபின் நீரின் சொந்த நிறம் அடங்கி, மேலே தெரிவது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும். கறுப்புப் பாறை, நீல நுரை, மேற்கே கடைசிச் செம்மை. நெகிழி உறைகள் மட்டும் அப்போதும் மறையாது. பாறையிடுக்கில் சிக்கியதைக் கையெட்டும் தூரத்தில் இருந்தால் எடுத்து ஒரு பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவோம், அந்தத் தம்பியும் நானும். கணினியில் அழிப்பதைவிட இது எனக்குச் சரியாகப் படுகிறது.

பருவம் பற்றி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தக் கரையில் மோதும். நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை என்றால், இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கோலி மக்கள் ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டுத்தான் பழைய வழக்கப்படி படகை இறக்குவார்கள். கடலையே தொழிலாகக் கொண்டவர்கள் விலகி நிற்கும் மாதங்களில் பாறையில் இறங்க நமக்கு என்ன வேலை இருக்கிறது? அப்போது நடைபாதையில், சுவரைவிட்டுத் தள்ளி நின்று, 200 மில்லிமீட்டர் லென்ஸில் 1/800 நொடி வைத்து, எகிறும் அலையை உறையவைத்து எடுங்கள். மழைக்கால அலைக்கு அதுதான் பொருத்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது அக்டோபரும் நவம்பர் முற்பாதியும். மழை கழுவிய வானம், மிச்சம் இருக்கும் மேகம், கொஞ்சம் தணிந்த அலை. டிசம்பர், ஜனவரியில் கடல் ஏரி மாதிரி ஆகிவிடும், கூடவே புகைமூட்டம். பல நாள் சூரியன் கடலைத் தொடுவதற்கு முன்பே சாம்பலுக்குள் காணாமல் போகும். அந்த மாதங்களில் கேமராவை முழங்காலுக்கும் கீழே தாழ்த்தி, சின்ன அலை வழியும் ஒரே ஒரு பாறைப் பிளவை மட்டும் அகல லென்ஸில் நெருங்கி எடுத்தால் படம் கிடைக்கும்.

இடம் என்றால் என் முதல் வாக்கு பேண்ட்ஸ்டாண்டுக்கு. தாதர் வந்து மேற்கு ரயில் பிடித்து பாந்த்ராவில் இறங்கினால் ஆட்டோ. தெற்குக் கோடியில் 1640இல் போர்த்துகீசியர் கட்டிய கோட்டை. அதன் அடியில் கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் பாந்த்ரா–வொர்லி கடற்பாலம், விளக்கேற்றியதும் தண்ணீரில் அதன் ஒளி நீளும். கார்ட்டர் ரோட்டில் பாறையோடு அலையாத்தி மரங்களும் உண்டு, அங்கே சேறு ஜாக்கிரதை. மெரின் டிரைவில் கரையோரம் போட்டிருக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகள்மேல் ஏறாதீர்கள். அவற்றுக்கிடையே உள்ள சந்தில் விழுந்தால் எடுப்பது கஷ்டம், அலை உள்ளே எப்படிச் சுழல்கிறது என்பது மேலிருந்து தெரியாது. அங்கே சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே நல்ல படம் வரும்.

கேமரா இல்லை, ஃபோன்தான் என்றாலும் தயங்க வேண்டாம். கைப்பேசியில் ஷட்டர் நேரத்தை அமைக்கும் புரோ முறையோ நீள் எக்ஸ்போஷர் வசதியோ இருந்தால், சின்ன டிரைபாடில் வைத்து, சூரியன் மறைந்தபின் அரை நொடி வைத்துப் பாருங்கள். அந்தத் தம்பியின் மிக நல்ல படங்களில் சில அவன் ஃபோனில் எடுத்தவைதான்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்க மூன்று நான்கு மைக்ரோஃபைபர் துணி தேவை. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும், முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுத்துவிட்டு உலர்ந்ததால் துடையுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அசதியாக இருந்தாலும் டிரைபாட் கால்களை முழுவதும் நீட்டி, பூட்டுகளைத் திருகி, குழாய்த் தண்ணீரில் அலசி, இரவு முழுக்க விசிறிக்கடியில் உலர விடுங்கள். விட்டால் ஒரே மாதத்தில் உப்பு அரித்து இறுகிவிடும். கேமராவை அன்றிரவே பைக்குள் பூட்டக் கூடாது. மும்பையின் ஈரக்காற்றில் பைக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், மழைக்காலத்தில் இன்னும் வேகமாக. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், சின்னப் பொட்டலமே போதும். அதிலிருக்கும் நீலமணிகள் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும், ஆனால் சமையலுக்கு அந்த வாணலியைத் திரும்ப எடுக்காதீர்கள்.